உறையாத துறை

லியெபாயாவில் கடல் உறைவதில்லை.
ஏரி உறையும்.
இரண்டுக்கும் நடுவே, நான்காவது மாடியில் நான்.

துறைமுகக் கோபுரத்தில் ரேடியோ வேலை எனக்கு.
"உள்ளே வரலாம். இடப்பக்கம் மணல்திட்டு, கவனம்."
சொன்னால் கப்பல் வரும்.
வீட்டுக்கு வந்தால் என் துறை மூடிக் கிடக்கிறது.
திரையின் அடியில் ஒரு சிவப்புப் புள்ளி:
போர்ட் 51413, அடைபட்டுள்ளது.

பகிர்வதற்கு என்னிடம் இருப்பது பனிக்கட்டியின் சத்தம்.
பதினோரு குளிர்காலம், நாற்பத்தொரு ஜிகாபைட்.
இரவில் ஏரி விரியும்போது எழும் நீண்ட விசில்,
மார்ச்சில் ஏதோ ஒரு மதியம்
பரப்பு முழுக்க ஒன்றாக விடுகிற மூச்சு,
நடுநடுவே எவனோ குடைந்து கெடுத்த கரகரப்பு.

வேண்டுமென்று மூன்று பேர் நிற்கிறார்கள்,
நாள்கணக்கில், பூஜ்ஜியத்தில்.
அவர்கள் பக்கமும் அடைப்புதான் போலிருக்கிறது.
மூடிய கதவும் மூடிய கதவும்
பேசிக்கொள்வதில்லை.
யாராவது ஒருவர் திறக்க வேண்டும்.

ரௌட்டரின் கடவுச்சொல் அதன் அடிவயிற்றில் ஒட்டியிருந்தது.
தூசியை ஊதிப் படித்தேன்.
இந்த எண் கேட்டு வருபவரை
இந்தக் கணினிக்கு அனுப்பு என்று எழுதினேன்.
சேமித்தேன். சிவப்பு.

கணினியின் முகவரி நேற்று ஏழு, இன்று பன்னிரண்டு.
என் விதியோ, குடி மாறியவன் பெயருக்கு வரும் கடிதம்போல்
ஆளில்லாத ஏழுக்கே போய்க்கொண்டிருந்தது.
ஏழிலேயே கட்டிப் போட்டேன்.
டிசிபி மட்டும் குறித்திருந்தேன், யுடிபியையும் சேர்த்தேன்.
ஃபயர்வாலை ஒரு நிமிடம் அணைத்தேன்,
நடுக்கத்தோடு.
சிவப்பு.

தேநீர் ஆறிய பிறகுதான் அந்த வரி கண்ணில் பட்டது.
தன் வெளிமுகவரி என்று ரௌட்டர் காட்டியதும்
192.168 என்றே தொடங்கியது.
வெளி என்று அது நம்பியது வெளியே அல்ல.
அதற்கும் அப்பால் இன்னொரு பெட்டி,
தானே வாசல் என்ற நினைப்பில்.

மாடிப்படி அலமாரியின் சாவி குந்தார்ஸிடம்.
காலுறையோடு வந்து திறந்தார்.
தூண்டில்கள், மீன்வாடை வாளி,
என் தோள் உயரத்துக்கு ஒரு பனித் துளைக்கருவி,
அதன் பின்னால், கம்பளித் தொப்பி போர்த்தியபடி
கம்பெனியின் வெள்ளைப் பெட்டி.

"இதையா தேடுகிறாய்?
என் கையுறை இதன்மேல்தான் காயும். நல்ல சூடு."

நான் துளைக்கருவியைப் பார்த்தேன்.
"எந்த ஏரியில்?"
"நம் ஏரிதான். ஞாயிறு தவறாமல்."
பதினோரு குளிர்காலம் நான் திட்டிய கரகரப்பு
எதிரே கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றது.
சொல்லவில்லை.
சாவி அவரிடம் இருந்தது.

வெள்ளைப் பெட்டிக்கும் அதே வாக்கியம் எழுதினேன்.
என் பெட்டிக்கு அனுப்பு, அது எனக்கு அனுப்பும்.
வீட்டிலிருந்தே சோதித்தேன்: பதில் இல்லை.
உள்ளே இருந்துகொண்டு தன் வாசலைத் தட்டினால்
சில பெட்டிகளுக்குக் காது கேட்காது.

கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.
டிராம் தண்டவாளத்தோரம், ஈரப்பனியில்,
வைஃபையை அணைத்துவிட்டு, கைபேசியின் சொந்த இணைப்பில்,
என் முகவரியை அந்நியப் பெண்போல் தட்டினேன்.

திறந்திருந்தது.

மேலே வந்தபோது பூஜ்ஜியங்களில் ஒன்று
0.2 ஆகியிருந்தது.
யாரென்று தெரியாது. எந்த ஊரோ.
துண்டுகள் வரிசையாகப் போவதில்லை,
எது முதலில் போகும் என்று நான் சொல்லவும் முடியாது.
விசிலாக இருக்கலாம்.
குந்தார்ஸாகவும் இருக்கலாம்.

காலை ஆறுக்கு ஷிஃப்ட்.
கணினியை அணைக்காமல் படுத்தேன்.